அரைநாள் விடுமுறையும் கண்ணாடித் தகடும்: இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் நடைவழிப் புகைப்படக்காரர்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைப்படமாகப் பதிவான வரலாற்றை எழுதியவர்களில் பலர் லென்ஸையும் ரசாயனத்தையும் முன்னிறுத்தியே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்களில் மிகப் பலர் புகைப்படத்தால் பிழைப்பு நடத்தியவர்கள் அல்லர். எழுத்தர், மருந்துக் கடைக்காரர், பள்ளி ஆசிரியர், பாதிரியார், ஆலை முதலாளி என்று வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிப் பாதைகளில் நடந்த ‘அமெச்சூர்’கள், அதாவது கூலிக்காக அன்றி ஆர்வத்துக்காகப் படமெடுத்தவர்கள். அவர்கள் எங்கே நின்றார்கள், எதைப் படம் பிடித்தார்கள், எதைக் கண்டும் காணாமல் கடந்து போனார்கள் என்பவற்றை அவர்கள் கையிலிருந்த ஓய்வுநேரமும் தோளிலிருந்த சுமையுமே பெரிதும் தீர்மானித்தன. இன்று நூலகங்களில் ‘பழைய இங்கிலாந்து’ என்ற பெயரில் பாதுகாக்கப்படும் படங்களைப் படிக்க முற்படுபவர், அவை ஒரு நாட்டின் முகத்தைக் காட்டுவதோடு, ஒரு வகுப்பாரின் விடுமுறை எவ்வளவு தூரம் நீண்டது என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் அந்த ஓய்வு நிலவுடைமையாளர்களுக்கும் வசதி படைத்த வணிகர்களுக்கும் மட்டுமே இருந்தது. வில்ட்ஷயரில் லேகாக் அபி என்னும் பழைய மடத்து மாளிகையின் உரிமையாளரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரைகருவியின் துணையோடும் படம் வரைய முடியாமல் தோற்றதன் விளைவாக, இயற்கை தானே காகிதத்தில் பதியும் வழியொன்றைத் தேடத் தொடங்கினார். 1835 ஆகஸ்டில் தம் வீட்டுச் சாளரமொன்றின் எதிர்ப்படத்தை, அதாவது ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறிப் பதியும் நெகட்டிவை, எடுத்தார். 1841இல் அவர் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையில் வெள்ளி உப்புகள் பூசிய காகிதமே நெகட்டிவாகப் பயன்பட்டது. இதில் ஒருமுறை படம் பிடிக்கப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் காற்றில் ஆடும் கிளையும் நடந்து செல்லும் மனிதனும் பதியவில்லை. ஆயினும் காகிதம் இலேசானது, உடையாதது. டால்பட் 1852இல் காப்புரிமையைப் பெருமளவு தளர்த்தி, கூலிக்கு உருவப்படம் எடுப்பவர்களிடம் மட்டும் உரிமையை நிறுத்திக்கொண்டபோது ஆர்வலர்களுக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் புகைப்படச் சங்கம் நிறுவப்பட்டது.

அந்தத் தலைமுறையின் நாட்டுப்புற நடையை அறிய விரும்புவோர் பெஞ்சமின் பிரெக்னல் டர்னரின் தொகுப்பைப் பார்ப்பது நல்லது. லண்டனில் மெழுகுவத்தி வணிகம் நடத்திய டர்னர், வூஸ்டர்ஷயரில் பிரெடிகாட் என்னும் சிற்றூரில் இருந்த மாமனாரின் பண்ணைக்குப் போகும்போதெல்லாம் பெரிய கேமராவையும் கொண்டுபோனார். 1852க்கும் 1854க்கும் இடையில் அவர் தொகுத்த 60 படங்கள் கொண்ட ஆல்பம் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய காகித நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. ஒளிபடும் நேரம் சில சமயம் அரைமணி வரை நீண்டது. எனவே அவர் படங்களில் களஞ்சியம், வேலி மரம், சேற்றுப் பாதை, சாய்ந்து நிற்கும் வண்டி ஆகியவை காகிதத்தின் நார்களோடு கலந்து திண்மையாக நிற்கின்றன. அந்தப் பண்ணையில் உழைத்தவர்களைக் காண்பதுதான் அரிது. ஆள் நடமாட்டமற்ற அமைதி என்று பின்னாளில் கவிதை நயத்தோடு விளக்கப்பட்ட இந்தத் தன்மையில் பாதிக்கு மேல் வேதியியலின் விளைவு என்றே கருத வேண்டும்.

காகிதத்தின் இந்த இலேசுத்தன்மைக்குச் சென்னை மாகாணத்திலும் ஒரு சான்று உண்டு. விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஆர்வலராகவே இக்கலையைப் பழகிய ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைச் சுற்றி வந்தார். அதற்குள் இங்கிலாந்தில் கண்ணாடித் தகடு காகிதத்தை ஓரங்கட்டியிருந்தும் அவர் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். மாட்டுவண்டிப் பயணமும் தென்னாட்டு வெயிலும் தெரிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கண்ணாடித் தகட்டு முறையை 1851இல் வெளியிட்டவர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர். கொலோடியான் எனப்படும் பிசுபிசுப்பான கரைசலைக் கண்ணாடியின் மேல் ஊற்றிச் சீராகப் பரப்பி, இருளில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படம் பிடித்து, உடனே அங்கேயே கழுவிவிட வேண்டும். ஈரம் காய்ந்தால் தகடு ஒளியை உணராது. ஒளிபடும் நேரம் சில நொடிகளாகக் குறைந்து, இலை நரம்பு வரை தெளிவாகப் பதிந்தது உண்மைதான். ஆனால் அதற்கு விலையாக இருட்டறையையே கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தட்டுகள், தண்ணீர், கருந்துணிக் கூடாரம் என எல்லாம் சேர்ந்து ஒரு நாள் பயணத்துக்கான பொதி 100 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 45 கிலோவை, எட்டியது. கைவண்டியும் அதைத் தள்ள ஓர் ஆளும் இல்லாதவர் அதிக தூரம் போக முடியாது. வண்டி போகாத ஒற்றையடிப் பாதை படத்துக்குள் வராது. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப்போய், மருந்துக் கறை படிந்த சட்டையோடு திரிந்த அந்தக் காலத்து ஆர்வலரைப் பத்திரிகைக் கேலிச் சித்திரக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. கொலோடியான் காலத்தில் படத்தின் தரம் உயர்ந்தது, நடை குறுகியது.

நடையை மீட்டுத் தந்தது உலர்தகடு. நுண்ணோக்கிப் படங்கள் எடுப்பதில் ஈடுபட்டிருந்த ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கொலோடியானுக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்தும் வழியை 1871இல் எழுதினார். 1878இல் சார்ல்ஸ் பென்னெட், ஜெலட்டின் கலவையைப் பல நாட்கள் இளஞ்சூட்டில் வைத்தால் அதன் உணர்திறன் பன்மடங்கு கூடுவதைக் காட்டினார். அதன் பின் தகடுகளைத் தொழிற்சாலையே பூசி, உலர்த்தி, பெட்டியில் அடைத்து விற்றது; வாங்கியவர் மாதக்கணக்கில் வைத்திருந்து, படம் பிடித்து, வசதிப்பட்டபோது வீட்டில் கழுவிக்கொள்ளலாம். கூடாரமும் புட்டிகளும் ஒழிந்தன. நொடியின் ஒரு சிறு பகுதியிலேயே படம் பதிந்ததால், ஏர் பூட்டிய குதிரையும் வாத்துக்கூட்டமும் முதன்முறையாக நாட்டுப்புறப் படத்துக்குள் நடமாடத் தொடங்கின.

ரசாயனம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்வதைத் தடுத்ததிலிருந்து, சனிக்கிழமை அரைநாள் விடுமுறை என்னும் வழக்கம் மெல்ல மற்றத் தொழில்களுக்கும் அலுவலகங்களுக்கும் பரவியது. 1871இல் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டம் வங்கி விடுமுறை நாட்களை ஏற்படுத்தியது. கிளை ரயில் பாதைகள் சிற்றூர்களை நகரங்களோடு இணைத்தன. 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள ‘ரோவர்’ சைக்கிள், ரயில் நிற்காத ஊர்களையும் எட்டச் செய்தது. உலர்தகடு கடைக்கு வந்த காலமும் குமாஸ்தாவுக்குச் சனிக்கிழமை மாலை கிடைத்த காலமும் ஒன்றாக அமைந்ததுதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் அடிப்படை. ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்’ என்ற வார இதழ் 1884இல் தொடங்கியது. 1880களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த புகைப்படச் சங்கங்கள், நூற்றாண்டு முடிவதற்குள் 200ஐத் தாண்டின.

இச்சங்கங்களின் கோடைக்கால நிகழ்ச்சிகளில் முதன்மையானது கூட்டு நடை. சனிக்கிழமை பிற்பகலில் உறுப்பினர்கள் ரயில் நிலையத்தில் கூடி, இரண்டு மூன்று நிலையங்கள் தாண்டி இறங்கி, பழைய தேவாலயம், நீராலை, பாலம் என்று பார்த்தபடி நடந்து, வழியிலுள்ள விடுதியில் தேநீர் அருந்தி, இருட்டுவதற்குள் திரும்புவார்கள். தோல்பையில் ஒரு மடிப்புக் கேமராவும், இரண்டு பக்கமும் தகடு செருகக்கூடிய மரச்சட்டங்கள் மூன்றும் இருந்தால் ஆறு படங்கள் எடுக்கலாம். ஏழாவதாகக் கண்ணில் படும் காட்சி எவ்வளவு அழகானாலும் கண்ணோடு சரி. ஆகையால் ஒவ்வொரு தகட்டையும் செலவழிக்குமுன் முக்காலியை நிறுத்தி, தலையோடு கருந்துணியைப் போர்த்துக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்சியை நெடுநேரம் ஆராய்வது வழக்கமாயிற்று. குளிர்காலத்தில் சங்க அறையில் அந்தப் படங்களையே மாயவிளக்கு எனப்பட்ட எறிகருவி மூலம் திரையில் காட்டி, ஒருவர் குறையை ஒருவர் எடுத்துரைப்பார்கள். ஒரே பாலத்தின் பல கோணங்கள் அக்காலத் தொகுப்புகளில் மலிந்து கிடப்பதற்கு இந்தக் கூட்டு நடையே காரணம்.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதில் இவ்வார்வலர்களுக்கு இரு ஆசிரியர்கள் வாய்த்தனர். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. ஹென்றி பீச் ராபின்சன் தொழில்முறை ஸ்டூடியோக்காரர்; பல நெகட்டிவுகளை வெட்டி ஒட்டி ஒரே படமாக அச்சிடும் கலையில் தேர்ந்தவர்; ஓவிய இலக்கணத்தைப் புகைப்படத்துக்குப் பொருத்தி 1869இல் அவர் எழுதிய நூல் பலமுறை அச்சாயிற்று. உண்மையான கிராமத்துப் பெண்கள் கேமரா முன் விறைத்துப்போவார்கள் என்பதால், நகரத்துப் பெண்களுக்குக் கிராமத்து உடை உடுத்தி வயலில் நிற்கவைப்பதே மேல் என்பது அவர் கொள்கை. இதை வன்மையாக எதிர்த்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். 1856இல் கியூபாவில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அத்தொழிலைக் கைவிட்ட எமர்சன், நார்ஃபோக் மாவட்டத்தின் ‘பிராட்ஸ்’ எனப்படும் ஆழமற்ற ஏரிகளிலும் நாணற் புதர்களிலும் படகிலேயே தங்கி, நாணல் அறுப்பவர்கள், விலாங்கு பிடிப்பவர்கள் ஆகியோரின் அன்றாட உழைப்பை அவர்களுடைய இடத்திலேயே படமெடுத்தார். ஓவியர் டி. எஃப். குடாலுடன் சேர்ந்து 1886ஆம் ஆண்டிட்டு அவர் வெளியிட்ட ‘லைஃப் அண்ட் லேண்ட்ஸ்கேப் ஆன் தி நார்ஃபோக் பிராட்ஸ்’ 40 பிளாட்டினம் பிரிண்டுகள் கொண்டது. பிளாட்டினம் பிரிண்ட் என்பது வெள்ளிக்குப் பதிலாகப் பிளாட்டினத் துகளால் உருவாகும், மென்சாம்பல் நிறங்களில் வளம் மிக்க, எளிதில் மங்காத படி.

1889இல் எழுதிய நூலில் எமர்சன் தம் கொள்கைக்கு உடலியல் ஆதாரம் தேடினார். மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு பகுதியை மட்டுமே தெளிவாகக் காண்கிறது. எனவே படத்தில் முதன்மைப் பொருள் ஓரளவு கூர்மையாகவும் மற்றவை சற்று மங்கலாகவும் இருப்பதே இயற்கைக்கு உகந்தது என்பது அவர் வாதம். ஆனால் ஃபெர்டினண்ட் ஹர்ட்டர், வெரோ டிரிஃபீல்டு என்னும் இரு ஆர்வலர்கள் தகட்டின் கறுப்பேற்றம் ஒளியின் அளவுக்குக் கட்டுப்பட்டதென்று 1890இல் அளந்து காட்டியதும், நிறச் சாயல்களைக் கலைஞன் விருப்பப்படி மாற்ற முடியாதென்றால் புகைப்படம் கலையாகாது என்று முடிவுகட்டி, தம் கொள்கை இறந்துவிட்டதாகக் கறுப்பு ஓரமிட்ட துண்டுநூல் ஒன்றை எமர்சன் வெளியிட்டார். இத்தனை உணர்ச்சிவேகம் அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டதா என்பது ஐயமே. அவரே அதன் பின்னும் படமெடுப்பதை நிறுத்தவில்லை, 1895இல் இன்னொரு அழகிய தொகுப்பையும் கொண்டுவந்தார். வேறொரு செய்தி இதைவிடக் கருதத்தக்கது. எமர்சன் இயற்கை என்று கொண்டாடிய பிராட்ஸ் ஏரிகள் இயற்கையானவையே அல்ல; விறகுக்கு மாற்றாக எரிக்கும் கரிமண்ணை இடைக்காலத்து மக்கள் வெட்டியெடுத்த குழிகளில் நீர் நிரம்பி உண்டானவை அவை என்பதை, தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் முதலானோர் 1950களில் நிறுவினார்கள்.

இதே காலத்தில் கலை என்ற வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கேமராவை ஊரின் ஆவணக் கருவியாகக் கொண்ட இயக்கமொன்று பர்மிங்காமில் தோன்றியது. நிலவியல் ஆசிரியரும் புகைப்பட வரலாற்று நூலொன்றின் ஆசிரியருமான வில்லியம் ஜெரோம் ஹாரிசன், ஆர்வலர்கள் அவரவர் மனம்போன போக்கில் தகடுகளை வீணாக்குவதற்குப் பதிலாக வார்விக்ஷயர் முழுவதையும் முறைப்படி படமெடுக்கலாம் என்று 1889இல் பர்மிங்காம் புகைப்படச் சங்கத்துக்கு யோசனை கூறினார். அரசின் நில அளவைத் துறை வெளியிட்ட, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதி ஒப்படைப்பது என்பது திட்டம். நடை இங்கே கடமையாயிற்று. தம் பகுதியில் எடுக்கத்தக்கது ஒன்றுமில்லை என்று எவரும் திரும்பிவிட முடியாது. 1890இல் தொடங்கிய இந்த வார்விக்ஷயர் புகைப்பட அளவையில் பிரிண்டுகள் பிளாட்டினம் அல்லது கார்பன் போன்ற மங்காத முறைகளில் இருக்க வேண்டும், இடமும் நாளும் எழுதப்பட வேண்டும், நெகட்டிவில் கைத்திருத்தம் கூடாது என்னும் ஒழுங்குகள் உருவாயின. 1892இல் பர்மிங்காமில் முதல் கண்காட்சி நடந்தது.

அச்சங்கத்தின் தலைவராயிருந்த சர் பெஞ்சமின் ஸ்டோன் இந்த யோசனையை நாடளவில் எடுத்துச் சென்றார். கண்ணாடி, காகித ஆலைகளின் உரிமையாளரும், 1895 முதல் 1910 வரை பர்மிங்காம் கிழக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமான ஸ்டோன், 1897இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கத்தை நிறுவி, சேர்ந்த படங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். கட்டடங்களோடு நில்லாமல், மறைந்துவரும் சடங்குகளையும் விழாக்களையும் பதிய வேண்டுமென்பதில் அவருக்கு மிகுந்த நாட்டம். ஸ்டாஃபோர்டுஷயரில் அபட்ஸ் பிராம்லி என்னும் ஊரில் ஆண்டுதோறும் கலைமான் கொம்புகளைத் தாங்கி ஆடும் ஆட்டத்தை அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. கொம்பு தூக்கியவர்கள், மரக்குதிரை அணிந்தவர், வில்லேந்தியவர், பெண் வேடமிட்டவர் அனைவரும் அதில் கேமராவை நோக்கி அசையாமல் நிற்கிறார்கள். கொம்பும் உடையும் துல்லியமாகப் பதிந்திருக்கின்றன, ஆட்டம் மட்டும் இல்லை. ஸ்டோனின் முறையின் வலிமையும் எல்லையும் இந்த ஒரு படத்தில் அடங்கிவிடுகின்றன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகும் படத்தால் உள்ளூருக்கு என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது நியாயமே. 1902இல் தொடங்கிய சர்ரே மாவட்ட அளவை, படங்களை உள்ளூர்ப் பொது நூலகத்தோடு இணைத்தது. அதில் பழகிய கோவர், ஜாஸ்ட், டாப்லி என்ற மூவர் 1916இல் ‘தி கேமரா அஸ் ஹிஸ்டோரியன்’ என்ற கையேட்டை எழுதி, அட்டையின் அளவு முதல் அடுக்கும் பெட்டி வரை விதி வகுத்தார்கள். ஆயினும் அவ்வளவு ஒழுங்கோடு சேர்த்த தொகுப்புகளில் எதெது இல்லை என்பதையும் நோக்க வேண்டும். வார்விக்ஷயரின் கவென்ட்ரியில் அக்காலத்தில் பெருகிவந்த சைக்கிள் தொழிற்சாலைகளைவிட, அந்தச் சைக்கிளில் ஏறிப்போய் எடுத்த கோதிக் வாயில்களே அளவைப் படங்களில் மிகுதி. நடைபயணியின் கண்ணுக்கு வரலாறு என்பது பாசி படிந்ததாக இருந்தது. ஓலைக்கூரை வீட்டின் அழகைப் பதிந்தவர்கள் அதன் உள்ளே ஈரம் ஊறிய சுவரைப் பெரும்பாலும் பதியவில்லை.

இதற்கிடையில் 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட, 100 படங்களுக்கான சுருளோடு வந்த கோடாக் கேமராவும், 1900இல் இங்கிலாந்தில் ஐந்து ஷில்லிங்குக்கு விற்ற பிரவுனியும் படம் கழுவத் தெரியாதவர்களையும் படக்காரர்களாக்கின. சங்கத்து ஆர்வலர்கள் இவர்களை மதிக்கவில்லை. ஆனால் சுற்றுலாவில் சிரிக்கும் வீட்டுப் பெண்களும், நாயும், சாப்பாட்டுக் கூடையும் பதிந்தது அந்த மலிவான பெட்டிகளில்தான்.

அளவையோடும் சங்கத்தோடும் நில்லாத ஒருவரோடு இவ்வரலாற்றின் ஒரு கிளை விசித்திரமாக வளர்ந்தது. ஹெரிஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ், குடும்பத்தின் மதுவடி ஆலைக்காகவும் மாவு ஆலைக்காகவும் மாவட்டம் முழுதும் சுற்றித் திரிந்தவர். 1890இல் அவர் காப்புரிமை பெற்ற ஒளிமானி ஆர்வலர்களின் பெருங்குறையைத் தீர்த்தது. ஒளிபட்டால் கறுக்கும் சிறு காகிதத்துண்டு அதில் இருக்கும். பக்கத்திலுள்ள நிறச்சாயலின் அளவுக்கு அது கறுக்க எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணி, தகட்டின் வேக எண்ணோடும் லென்ஸ் துவாரத்தோடும் சேர்த்துக் கணக்கிட்டால், படம் பிடிக்க வேண்டிய நேரம் கிடைக்கும். முதல் வடிவில் இருந்த சங்கிலியை ஊசலாகத் தொங்கவிட்டு நொடிகளை எண்ணலாம். பின்னர் வந்த ‘பீ’ என்ற வடிவம் பைக்கடிகாரம் போலச் சட்டைப்பையில் அடங்கியது. மேகம் நொடிக்கொருமுறை மாறும் மேற்கு இங்கிலாந்தின் வானத்தின் கீழ், அனுபவசாலியின் ஊகத்தை அது கணக்காக மாற்றியது.

நாற்பது ஆண்டுகளாகக் குன்றுகளையும் கற்சிலுவைகளையும் படமெடுத்துக்கொண்டு நடந்த வாட்கின்ஸ், 1921 ஜூன் மாதம் பிளாக்வார்டைன் என்னும் இடத்துக்கு அருகே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய மேடுகள், நிற்கும் கற்கள், தேவாலயங்கள், குளங்கள், மலைமுகட்டுப் பிளவுகள் ஆகியன நேர்கோடுகளில் அமைந்திருப்பதாகக் கண்டார். தொல்பழங்கால வணிகப் பாதைகளின் எச்சம் அது என்று கொண்டு, அக்கோடுகளுக்கு ‘லே’ என்று பெயரிட்டு, 1922இலும் 1925இலும் தம் புகைப்படங்களோடு நூல்கள் எழுதினார். பழம்பொருள் மலிந்த நாட்டில் வரைபடத்தின் மேல் அளவுகோலை எப்படி வைத்தாலும் நான்கைந்து புள்ளிகள் அகப்படும் என்பதால் தொல்லியலாளர்கள் இதை ஏற்கவில்லை. நில அளவைத் துறையின் தொல்லியல் அலுவலரும் ‘ஆன்டிக்விட்டி’ இதழின் ஆசிரியருமான ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, 1925ஆம் ஆண்டு நூலின் விளம்பரத்தைக் கூடத் தம் இதழில் வெளியிட மறுத்தார். கிராஃபோர்டின் நம்பிக்கை வேறொரு கேமராவில் இருந்தது. தரையில் நடப்பவர் காலில் மிதித்தும் காணாத புதையுண்ட அகழிகளை, பயிரின் நிறவேறுபாட்டிலும் சாயும் வெயிலின் நிழலிலும் விமானத்திலிருந்து காணலாம் என்று காட்டி, 1928இல் அலெக்சாண்டர் கெய்லருடன் ‘வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர்’ என்ற படநூலை வெளியிட்டார். வாட்கின்ஸின் வாசகர்களோ 1927 முதல் அஞ்சல்வழிச் சங்கமொன்று அமைத்து, தாங்கள் நடந்து கண்ட கோடுகளின் குறிப்புகளையும் படங்களையும் ஒரு கோப்பில் இட்டு, வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பி, ஒருவர் கருத்தின் கீழ் மற்றவர் எழுதி வந்தனர். கோடையில் ஒன்றுகூடி, மேடுகளைத் தேடி நடக்கவும் செய்தனர்.